ஊரைப் பாடமாக்குவது: ஹோசங்காபாத் அனுபவமும் நம் ஏரிக்கரைகளும்

தமிழ்நாட்டில் கொடிக்கம்பம் இல்லாத பள்ளிக்கூடத்தைப் பார்ப்பது அரிது. காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் கணக்கு, அறிவியல், புவியியல் மூன்றையும் ஒரே நேரத்தில் நடத்த அந்தக் கம்பம் ஒன்றே போதும். சென்னையில் ஆண்டுக்கு இரண்டு முறை, ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், நடுப்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அந்தச் சில நிமிடங்களில் செங்குத்தாக நிற்கும் எதற்கும் நிழல் விழாது. ஏப்ரல் தேர்வுக் காலம் என்பதால் ஆகஸ்டை எடுத்துக்கொள்வோம். அன்று பகல் 12.13 வாக்கில் சென்னைக் கம்பத்தின் நிழல் காணாமல் போகும். நாகர்கோவிலில் நடுப்பகல் சற்றுத் தாமதமாக, 12.24 வாக்கில் வரும். அப்போது அங்குள்ள 5 மீட்டர் உயரக் கம்பத்துக்குச் சுமார் 43 சென்டிமீட்டர் நிழல் இருக்கும். அதுவும் தெற்குப் பக்கமாக விழும்.

இரண்டு ஊர்ப் பிள்ளைகளும் போனில் பேசி அளவைப் பகிர்ந்துகொண்டால் மீதியை எட்டாம் வகுப்புக் கணக்கே பார்த்துக்கொள்ளும். கம்பத்தையும் நிழலையும் நோட்டில் அளவு குறைத்து வரைந்து நிழலின் நுனியைக் கம்பத்தின் உச்சியோடு இணைத்து, உச்சியில் பாகைமானியை வைத்தால் கோணம் 5 பாகைக்குச் சற்றுக் குறைவாக வரும், துல்லியமாகச் சொன்னால் 4.9. இரு ஊருக்கும் இடையே நேர் தெற்கு வடக்காக உள்ள தூரம் ஏறத்தாழ 540 கிலோமீட்டர். சூரியக் கதிர்கள் இணையாக வருவதால், இரு ஊருக்கும் இடையே பூமி வளைந்திருக்கும் கோணமும் அந்த 4.9 பாகையே. 4.9 பாகைக்கு 540 என்றால் 360 பாகைக்கு எவ்வளவு? கிட்டத்தட்ட 40,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு அதுதான். கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு கையாண்ட முறை இது. பாடநூலில் ஒரு வரியாக வரும் எண்ணைப் பிள்ளைகள் தங்கள் பள்ளி வளாகத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். செலவு என்று பார்த்தால் ஒரு இன்ச் டேப்பும் ஒரு போன் அழைப்பும்தான்.

சுற்றுப்புறத்தைக் கொண்டு கற்பிப்பது என்று நான் சொல்வது இதைத்தான். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று மரக்கன்று நட்டு போட்டோ எடுத்துக்கொள்வதையோ, வருடத்துக்கு ஒரு முறை வேனில் ஏற்றிக்கொண்டு அணைக்கட்டுக்குப் போய் வருவதையோ சொல்லவில்லை. அவையும் நல்லவைதான், பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் அதனால் பின்னக் கணக்கு புரிந்துவிடாது, வரலாறும் மனதில் நிற்காது. பிள்ளை தன் ஊரில் ஒன்றை அளக்க வேண்டும், எண்ண வேண்டும், தெரிந்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் அதைப் பாடநூலோடு வைத்துப் பார்த்து, இரண்டும் எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே முரண்படுகின்றன என்று யோசிக்க வேண்டும். ஊர் இப்படிப் பயன்படும்போதுதான் படிப்பு மேம்படுகிறது.

இது புதிய யோசனை இல்லை. 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி இதைக் கைத்தொழில் வழியாகச் சொன்னது. அந்த வழியில் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமம் 1947இல் உருவானது. 1993இல் பேராசிரியர் யஷ்பால் குழு, பிள்ளைகள் சுமக்கும் புத்தக மூட்டையைவிடப் புரியாத பாடம்தான் பெரிய சுமை என்றது. 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு அறிவை இணைப்பதைத் தன் வழிகாட்டும் கொள்கைகளில் முதலாவதாக வைத்தது. ஆவணங்களுக்குக் குறைவில்லை. அரசுப் பள்ளிகளில், சாதாரண ஆசிரியர்களைக் கொண்டு, பெரிய அளவில், நீண்ட காலம் இதை நடத்திக் காட்டியவர்கள் யார் என்று கேட்டால் பதில் சுருங்கிவிடும். அந்தப் பதிலில் முதலில் வர வேண்டிய பெயர் ஹோசங்காபாத்.

30 ஆண்டுகள் நடந்த ஒரு முயற்சி

மத்தியப் பிரதேசத்தில் நர்மதை ஓடும் மாவட்டம் ஹோசங்காபாத். இப்போது அதற்கு நர்மதாபுரம் என்று பெயர். 1972இல் அங்கே 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதி, ரசூலியாவில் இருந்த நண்பர்கள் கிராம மையம் என்ற இரண்டு தன்னார்வ அமைப்புகள் அதை ஆரம்பித்தன. மும்பை டாடா ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகளும் டெல்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் கைகொடுத்தார்கள். 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் திட்டம் விரிந்தது. 1982இல் இதைத் தொடர்ந்து நடத்துவதற்காகவே ஏகலவ்யா என்ற அமைப்பு பிறந்தது. பிறகு திட்டம் வேறு பல மாவட்டங்களுக்கும் போனது.

ஆய்வகம் இல்லாத பள்ளியில் அறிவியலைச் செய்து பார்த்துக் கற்க முடியுமா? இதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. வயல், ஓடை, வேலியோரம், வாரச்சந்தை எல்லாமே ஆய்வகம் என்று வைத்துக்கொண்டார்கள். பிள்ளைகள் கூட்டமாக வெளியே போய்ச் செடிகளை வேரோடு பிடுங்கி வருவார்கள். ஒவ்வொன்றிலும் இலை நரம்பு எப்படி ஓடுகிறது, வேர் எப்படி இருக்கிறது என்று பார்த்து அட்டவணை போடுவார்கள். நெல், சோளம், அருகம்புல் இவற்றில் நரம்புகள் இணைகோடுகளாக ஓடும், வேர் சல்லிவேராக இருக்கும். துளசியிலும் வேப்பங்கன்றிலும் நரம்பு வலைபோலப் பின்னியிருக்கும், வேர் ஆணிவேராக இருக்கும். ஒருவித்திலை, இருவித்திலை என்ற வார்த்தைகளை ஆசிரியர் சொல்வதற்கு முன்பே அந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் தாங்களே கண்டுவிடுவார்கள். பத்துச் செடிகளைப் பார்த்த பிறகு, பிடுங்காத பதினோராவது செடியின் இலையை மட்டும் பார்த்து மண்ணுக்குள் வேர் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அப்புறம் பிடுங்கிச் சரிபார்க்கலாம். கவனித்து, ஒழுங்கைக் கண்டு, ஊகித்து, சோதிப்பது என்ற அறிவியலின் முழு நடைமுறையும் வேலியோரத்திலேயே முடிந்துவிடுகிறது.

டெல்கோவில் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) பொறியாளராக இருந்த அரவிந்த் குப்தா 1978இல் விடுப்பு எடுத்துக்கொண்டு இங்கே வந்தார். கிராமச் சந்தையில் கிடைக்கும் சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சிகளையும் வைத்து முக்கோணம், கனசதுரம், மூலக்கூறு வடிவங்கள் செய்யும் முறையை அவர் உருவாக்கியது இந்தத் திட்டத்தில்தான். பிள்ளைகளுக்கு வரும் சந்தேகங்களைக் கடிதமாக எழுதிப் போட 'சவாலிராம்' என்று ஒரு கற்பனைப் பெயரும் இருந்தது. அந்தப் பெயருக்கு எழுதினால் பதில் வரும்.

இதுவரை சொன்னது மற்றவர்களும் செய்யக் கூடியதுதான். ஹோசங்காபாத்தைத் தனியாக நிறுத்துவது அவர்கள் செய்த இன்னும் மூன்று ஏற்பாடுகள். முதலாவது, ஆசிரியர் பயிற்சியில் ஆசிரியர்களே மண்ணில் இறங்கிப் பிள்ளைகள் செய்யப் போகும் அதே சோதனைகளைச் செய்தார்கள். பயிற்சி கோடை விடுமுறையில் வாரக்கணக்கில் நடந்தது. இரண்டாவது, பள்ளி தொடங்கிய பிறகும் மாதாமாதம் வட்டார அளவில் ஆசிரியர்கள் கூடி, எது சரியாக வந்தது, எது சொதப்பியது என்று பேசினார்கள். மூன்றாவதுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது: தேர்வை மாற்றினார்கள். பிள்ளைகள் புத்தகத்தையும் தங்கள் நோட்டையும் பார்த்துத் தேர்வு எழுதலாம். கேள்விகள் மனப்பாடத்தைச் சோதிக்காது. செய்முறைத் தேர்வும் உண்டு. அரசு இதை ஏற்றுக்கொண்டது.

அந்த மூன்றாவது ஏற்பாடு இல்லாமல் முதல் இரண்டும் நிற்காது. வயலில் எவ்வளவு ஆசையாகக் கற்றாலும், வருடக் கடைசியில் "ஒருவித்திலைத் தாவரம் என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்" என்று கேள்வி வந்தால், அடுத்த ஆண்டு ஆசிரியரும் பெற்றோரும் வயலுக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2002இல் மத்தியப் பிரதேச அரசு திட்டத்தை நிறுத்தியது. மாநிலம் முழுவதற்கும் ஒரே பாடநூல் இருக்க வேண்டும் என்ற வாதம் அப்போது பலமாக எழுந்தது. நாடு முழுவதிலும் இருந்து கல்வியாளர்கள் எதிர்ப்புத் தெரிவித்தும் பலன் இல்லை. 30 ஆண்டுகள் ஓடிய ஒன்றை ஓர் உத்தரவில் நிறுத்த முடிந்தது. ஆனாலும் அதில் பங்கெடுத்த பலர் மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு 2005 கலைத்திட்டத்தை உருவாக்கும் பணியில் இருந்தார்கள். இன்று சுற்றுச்சூழலியல் பாடநூல்களில் 'உன் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுது' என்று வரும் பயிற்சிகளில் அந்தக் காலத்துச் சிந்தனையின் சாயலைப் பார்க்கலாம்.

நமக்கு ஏன் தயக்கம்

உள்ளூரை வைத்துப் படிப்பு என்றதும் தமிழ்நாட்டில் ஒரு சந்தேகம் எழும். அதற்குச் சரியான காரணம் உண்டு. 1953இல் அன்றைய சென்னை மாநில முதல்வர் ராஜாஜி கிராமத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். பள்ளி நேரம் நாளொன்றுக்கு 3 மணி நேரமாகக் குறையும். மீதி நேரத்தில் பிள்ளை தன் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். பெரியாரும் திராவிட இயக்கமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று பெயரிட்டுப் போராடினார்கள். காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு எழுந்தது. 1954இல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அந்தப் போராட்டம் நியாயமானது. செருப்புத் தைப்பவரின் பிள்ளைக்கு உள்ளூர் என்றால் செருப்புத் தைப்பது, கணக்குப்பிள்ளையின் மகனுக்கு உள்ளூர் என்றால் கணக்கெழுதுவது என்று ஆகிவிட்டால், பள்ளிக்கூடம் சாதியை அப்படியே நகலெடுக்கும் இடமாகிவிடும். ஆகவே உள்ளூர்ச் சூழலைப் பயன்படுத்தும் எந்தத் திட்டத்திடமும் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: இது பிள்ளையை ஊருக்குள்ளேயே நிறுத்துகிறதா, ஊரிலிருந்து உலகத்துக்கு அழைத்துப் போகிறதா? கொடிக்கம்பத்து நிழலில் தொடங்கிய கணக்கு பூமியின் சுற்றளவில் போய் முடிகிறது. அந்த நகர்வு இல்லாத உள்ளூர்ப் பாடம் ஏழைப் பிள்ளைக்குக் கொடுக்கும் இரண்டாந்தரப் பாடம்தான். நகரத்துத் தனியார் பள்ளிப் பிள்ளை படிக்கும் இயற்பியலும் இயற்கணிதமும் கிராமத்துப் பிள்ளைக்கும் முழுமையாக வேண்டும். ஏரியும் வயலும் அவற்றுக்குப் போகும் வழி. அவற்றுக்குப் பதிலாக ஏரியை வைத்துவிடக் கூடாது.

ஏரி ஒன்று, பாடம் பல

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. நம் கிராமப் பள்ளிகள் பலவற்றுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒன்றாவது இருக்கும். ஏரி என்பது தண்ணீர் நிற்கும் பள்ளம் மட்டும் இல்லை, அது ஒரு முழு ஏற்பாடு. மழைநீரைக் கொண்டு வரும் வரத்துக் கால்வாய், தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்கும் கரை, பாசனத்துக்குத் திறந்துவிடும் மதகு, நிரம்பினால் உபரி நீரை வெளியேற்றும் கலிங்கு, அந்த உபரி அடுத்த ஏரிக்குப் போகும் ஓடை, தண்ணீர் பெறும் ஆயக்கட்டு நிலம். இவற்றைப் பிள்ளைகள் நடந்து பார்த்து ஒரு வரைபடம் போட்டாலே புவியியலில் பாதி வந்துவிடும். நீர் எந்தப் பக்கம் சரிகிறது, ஏன் ஒரு ஏரி நிரம்பிய பிறகு கீழே உள்ள அடுத்தது நிரம்புகிறது என்பதெல்லாம் காலால் நடந்தால் தெரிந்துவிடும்.

கரை ஏன் மேலே குறுகலாகவும் அடியில் அகலமாகவும் இருக்கிறது? ஆழம் கூடக் கூட நீரின் அழுத்தம் கூடுகிறது என்பதுதான் காரணம். பாட்டிலின் பக்கவாட்டில் மேலும் கீழுமாக மூன்று துளை போட்டுத் தண்ணீர் பீய்ச்சும் சோதனை எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. கரையைப் பார்த்துவிட்டு வந்து அந்தச் சோதனையைச் செய்கிற பிள்ளைக்கு அது ஏன் செய்யப்படுகிறது என்று தெரியும்.

ஏரிக்கு மழை வேண்டும். மழையை அளக்கப் பள்ளியிலேயே வழி இருக்கிறது. நேரான பக்கங்கள் கொண்ட பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகப் புனல்போலச் செருகி, அடியில் உள்ள வளைவு மறையும் வரை கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, அந்த மட்டத்தைப் பூஜ்ஜியம் என்று குறித்து, பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டினால் மழைமானி தயார். வானிலை ஆய்வுத் துறை தினமும் காலை 8.30க்கு அளவெடுக்கிறது. பள்ளியும் அதே நேரத்தில் எடுத்தால் நாளிதழில் வரும் அளவோடு ஒப்பிடலாம்.

இதில் ஓர் அழகான கணக்கு இருக்கிறது. 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடி உள்ள பள்ளியில் ஒரு நாள் 40 மில்லிமீட்டர் மழை பெய்தால் மாடியில் மட்டும் விழுந்தது 4,000 லிட்டர். தமிழ்நாட்டின் ஆண்டு சராசரி மழை 900 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அப்படியானால் வருடத்துக்கு ஏறத்தாழ 90,000 லிட்டர் அந்த ஒரு மாடியில் இறங்குகிறது. அது எங்கே போகிறது? 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பள்ளியின் மழைநீர்க் குழாய் எங்கே இறங்குகிறது, தொட்டியில் போய்ச் சேர்கிறதா, இல்லை தெருவுக்கு ஓடுகிறதா என்று பிள்ளைகள் பார்க்கட்டும். பரப்பளவு, கன அளவு, அலகு மாற்றம் என்று தனித்தனியாகப் பயந்து படித்ததெல்லாம் இங்கே ஒரே கேள்வியாகச் சேர்கிறது.

இந்தியா முழுவதற்குமான பாடங்களில் மழைக்காலம் ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில் முடிவதாக இருக்கும். நம் ஊரில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றுதான் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருகிறது. ஓராண்டு மழைமானியில் அளந்த பிள்ளைக்கு இந்த முரண்பாடு தானாகவே கண்ணில் படும். 'புத்தகத்தில் அப்படி இருக்கிறது, எங்கள் நோட்டில் வேறு மாதிரி இருக்கிறதே' என்று அவள் கேட்கும்போது, தென்மேற்குக் காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை எப்படித் தடுக்கிறது என்ற பாடத்துக்கு அவளே வாசலைத் திறந்துவிட்டாள்.

மதகைத் திறந்து அடைத்து, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று பார்த்துக்கொள்ளும் நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி என்று பல பெயர்களில் அழைக்கப்படும் மனிதர்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கிறார்கள். பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். அப்படி ஒருவரை வகுப்பறைக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்கார வைத்து, "ஐயா, தண்ணீர் குறைவாக இருக்கிற வருஷம் முறை எப்படி வைப்பீங்க?" என்று பிள்ளைகள் கேட்டு எழுதினால், விகிதமும் பங்கீடும் பற்றிய பாடம் அதிலேயே இருக்கிறது. யாருடைய அறிவு அறிவாக மதிக்கப்படுகிறது என்ற பாடமும் அதோடு சேர்ந்து வருகிறது. அவருடைய பேரப்பிள்ளை அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம் என்பதை மறந்துவிடக் கூடாது.

கல்லிலும் சுவரிலும்

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களின் பல பகுதிகள் ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு கடலுக்கு அடியில் இருந்தவை. காரை கிராமத்தைச் சுற்றியுள்ள செம்மண் ஓடைகளில் அம்மோனைட் என்ற, நத்தைபோலச் சுருண்ட ஓடுள்ள பழங்காலக் கடல் உயிரியின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்லாகிப் போன மரம் கிடக்கிறது. புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் அதைப் பதிவு செய்தார். அரியலூரில் இத்தனை சிமெண்ட் ஆலைகள் ஏன் வந்தன? சுண்ணாம்புக்கல் இருப்பதால். சுண்ணாம்புக்கல் ஏன் இருக்கிறது? ஓடுள்ள கடல் உயிர்கள் கோடிக்கணக்கில் இறந்து படிந்ததால். அப்பா வேலைக்குப் போகும் ஆலைக்கும் பத்துக் கோடி ஆண்டுக்கு முந்தைய கடலுக்கும் உள்ள உறவை அந்த ஊர்ப் பள்ளி சொல்லித் தராவிட்டால் வேறு யார் சொல்லித் தருவது?

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தோண்டியபோது உருண்டையான பெரிய கற்கள் கிடைத்தன. டைனோசர் முட்டை என்று செய்தி வாட்ஸ்அப்பில் பரவியது. நிபுணர்கள் வந்து பார்த்து, அவை கடல் உயிரிகளைச் சுற்றிப் படிந்து இறுகிய படிவங்கள் என்றார்கள். சுற்றியுள்ள பள்ளிகளில் படிவங்களைப் பார்த்து வரைந்து பழகிய பிள்ளைகள் இருந்திருந்தால் அந்த வதந்தியை ஊருக்குள்ளேயே சந்தேகித்திருப்பார்கள். ஒரே ஓர் எச்சரிக்கை: படிவங்களைப் பொறுக்கி எடுத்து வரக் கூடாது. வரைவதும் போட்டோ எடுப்பதும் போதும்.

ராமநாதபுரம் மாவட்டம் திருப்புல்லாணி அரசு மேல்நிலைப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் என்று ஒன்று இயங்குகிறது. மாணவர்கள் பழைய தமிழ் எழுத்துகளைப் படிக்கப் பழகி, சுற்றுவட்டாரத்துக் கல்வெட்டுகளையும் பானை ஓடுகளையும் தேடிப் பார்த்துப் பதிவு செய்கிறார்கள். இந்த மாதிரி வேலையில் வரலாறு மட்டும் இல்லை. நிலதானக் கல்வெட்டுகளில் வேலி, மா, குழி என்று அளவுகள் வரும். தஞ்சைப் பகுதிக் கணக்கில் 20 மா ஒரு வேலி, 100 குழி ஒரு மா. சில கோயில் சுவர்களில் அந்தக் காலத்து நில அளவுகோலின் நீளத்தையே கோடாக வெட்டி வைத்திருப்பார்கள். டேப்பை வைத்து அந்தக் கோட்டை அளந்து, கல்வெட்டு சொல்லும் நிலம் இன்றைய கணக்கில் எத்தனை ஏக்கர் என்று கண்டுபிடிப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்ய முடிந்த ஆராய்ச்சி.

நகரத்துப் பள்ளிக்கு இதெல்லாம் இல்லை என்று நினைக்க வேண்டாம். சென்னை தி. நகர் 1920களில் ஓர் ஏரியைத் தூர்த்து உருவான பகுதி. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. வள்ளுவர் கோட்டம் நிற்பதும் பழைய நுங்கம்பாக்கம் ஏரிப் பகுதியில்தான். தெருப் பெயர்களையும் பழைய வரைபடங்களையும், 2015 டிசம்பர் வெள்ளத்தில் எந்தத் தெருவில் எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது என்று தாத்தா பாட்டிகள் சொல்வதையும் ஒரே வரைபடத்தில் குறித்துப் பார்த்தால், நகரம் எப்படி வளர்ந்தது, தண்ணீர் ஏன் சில இடங்களைத் தேடி வருகிறது என்பது பிள்ளைகளுக்கே தெரிந்துவிடும்.

எங்கே சிக்குகிறது

இவ்வளவு வளம் இருந்தும் ஏன் நடப்பதில்லை? ஆசிரியர்களுக்கு ஆர்வம் இல்லை என்று சொல்வது சுலபம், அது அநியாயமும்கூட. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளை வைத்துக்கொண்டு, ஒருவர் பதிவேடும் கூட்டமும் என்று போய்விட்டால், மற்றவர் பிள்ளைகளை எப்படி ஏரிக்கு அழைத்துப் போவார்? வழியில் ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பொறுப்பு யார் என்ற பயம் உண்மையானது. அதனால்தான் நான் முதலில் பள்ளி வளாகத்துக்குள் செய்யக் கூடியதைச் சொன்னேன். நிழல், மழை, வளாகத்து மரம், சத்துணவுக் கூடத்தில் ஒரு நாளைக்கு வேகும் அரிசியின் எடை. இவற்றுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம்.

பல ஆசிரியர்கள் வேறு ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவர்கள். அந்த ஊரின் ஓடையோ மரமோ அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைக்குத் தெரிந்தது தனக்குத் தெரியாதே என்ற கூச்சம் இருக்கும். ஆனால் அதுதான் நல்ல தொடக்கம். "எனக்குத் தெரியலை, வா பார்க்கலாம்" என்று ஆசிரியர் சொல்லும் வகுப்பில், வழக்கமாக வாய் திறக்காத, ஆடு மேய்க்கப் போகிற பிள்ளை முன்னால் நடக்கும். ஹோசங்காபாத்தின் மாதாந்திரக் கூட்டங்கள் முக்கியமானவை என்று நான் நினைப்பது இதனால்தான். தெரியாததைச் சொல்லிக்கொள்ள ஆசிரியருக்கும் ஓர் இடம் வேண்டும்.

ஊருக்குள் இறங்கி நடப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. எந்தத் தெரு வழியாகப் போவது, யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேட்டி எடுப்பது, எந்தக் கோயிலுக்குள் எல்லாப் பிள்ளைகளும் நுழைய முடியும் என்பதில் சாதி இருக்கிறது. திட்டமிடாமல் அழைத்துப் போனால், ஒரு பிள்ளை எல்லோர் முன்னாலும் வாசலிலேயே நிறுத்தப்படும் கொடுமை நடந்துவிடலாம். எல்லாப் பிள்ளைகளும் சமமாக நிற்க முடியாத இடத்துக்கு வகுப்பு போகக் கூடாது. ஆசிரியர் முன்கூட்டியே போய்ப் பார்த்து, பேசி, உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கடைசியாகத் தேர்வு. தமிழ்நாட்டில் 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மதிப்பீட்டில் பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும் பருவ இறுதித் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. அந்த 40இல் செயல்பாடுகளுக்கு இடம் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் அது என்ன ஆனது? கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய சார்ட்டும், பெற்றோர் இரவில் உட்கார்ந்து செய்த தெர்மாகோல் மாடலும்தான். அதே மதிப்பெண்ணை மூன்று மாத மழைப் பதிவுக்கோ, ஒரு கொன்றை மரம் எப்போது இலை உதிர்த்தது, எப்போது பூத்தது என்ற வாராந்திரக் குறிப்புக்கோ கொடுக்கலாம். கேரளத்துப் பள்ளிகள் பல, சீசன்வாட்ச் என்ற திட்டத்தில் மரங்களை இப்படித்தான் கவனித்துப் பதிகின்றன. தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993 முதல் 10 வயதிலிருந்து 17 வயது வரையுள்ள பிள்ளைகளை உள்ளூர்ப் பிரச்சினைகளை ஆய்வு செய்யச் சொல்கிறது. தமிழ்நாடு அறிவியல் இயக்கம் அதை இங்கே நடத்தி வந்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு பள்ளிக்குச் சில பிள்ளைகள்தான் பங்கெடுக்க முடிகிறது. அந்த வேலையை வகுப்பு முழுவதும் செய்து மதிப்பெண்ணும் பெற வேண்டும். பொதுத் தேர்விலும், 'உங்கள் ஊரில் நீங்கள் எடுத்த அளவுகளைக் கொண்டு விளக்குக' என்று ஒரு கேள்வி வந்தால் போதும், அடுத்த ஆண்டே எல்லாப் பள்ளிகளும் அளக்கத் தொடங்கிவிடும்.

தமிழ்நாட்டில் 37,000க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் வட்டாரத்துக்குப் பத்துப் பள்ளிகள் ஒரே மாதிரி பாட்டில் மழைமானி வைத்து, காலை 8.30 அளவை வட்டார வள மையத்துக்கு அனுப்பினால், பக்கத்துப் பக்கத்து ஊர்களில் மழை எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று பிள்ளைகளே வரைபடம் போடலாம். செலவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் பாட்டிலை வைத்துவிட்டால் முதல் மழையிலிருந்தே கணக்கு கிடைக்கும்.